புதுப்பிப்பு: படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஈ.பி. மீட்டரை மாற்றியாச்சு

மழைத்தண்ணீர் ஒழுகும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டரை வாசல் பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே மாற்றிவிடலாம்" என்றார் ஒருவர். "மீட்டரில் ஈ.பி. வைத்திருக்கும் சீலைத் தொடாதீர்கள், மீட்டர் இடமாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுங்கள்" என்றார் இன்னொருவர். இரண்டாவதுதான் சரி. விண்ணப்பித்ததும் ஆள் வந்து இடம் பார்த்தார்கள். கட்டணம் கட்டினேன். புதுப் பலகை, எர்த், வீட்டுக்குள் போகும் ஒயர் எல்லாம் என் செலவு. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து முன்பே தயாராக்கி வைத்தேன். லைன்மேன் வந்த அன்று அரை மணி நேரம்தான் கரண்ட் இல்லை. சர்வீஸ் நம்பர் அதேதான். பழைய ரீடிங்கைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

எதிர்பாராதது அப்புறம்தான். மீட்டரோடு சேர்த்துப் புதிதாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பை வெட்டிவிடும் கருவி) போட்டிருந்தோம். மாடிப்படி லைட்டைப் போட்டாலே அது டப்பென்று விழுந்து கரண்டை வெட்டியது. கருவிதான் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருப்பேன். எங்கள் வீட்டில் கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று என்று இரண்டு சர்வீஸ் (ஈ.பி. இணைப்பு). பார்த்தால், அந்த லைட்டுக்கு ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) கீழ்வீட்டு சர்வீஸிலிருந்து, நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்) மாடி சர்வீஸிலிருந்து! போன கரண்ட் அதே வழியில் திரும்பாததால், கசிவு என்று நினைத்து அது வெட்டியிருக்கிறது. நியூட்ரலைப் பிரித்துக் கொடுத்ததும் விழுவது நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு சர்வீஸ் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.