புதுப்பிப்பு: சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது

கருப்பை வாயில் சி.ஐ.என். 3 மாற்றம் (புற்றுநோயாக மாறக்கூடிய கடுமையான செல் மாற்றம்) இருந்ததால் லீப் முறையில் (மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால்) அந்தத் திசுவை எடுத்ததையும், 'வெட்டிய ஓரத்தில் மாற்றம் தெரிகிறது' என்று, அதாவது கொஞ்சம் உள்ளே மிச்சமிருக்கலாம் என்று, அறிக்கை வந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். மறுபடியும் அறுவை சிகிச்சையா என்பதுதான் அப்போதைய கேள்வி.

தேவைப்படவில்லை. இந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனையில் வைரஸ் இல்லை. நோய் மிச்சமிருக்கிறதா என்பதை ஓர அறிக்கையைவிட இந்த முடிவுதான் நன்றாகக் காட்டும் என்றார் மருத்துவர். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் தூக்கம் கெட்டிருக்காது!

சிகிச்சை முடிந்த உடனே ஏன் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்று சிலர் கேட்டீர்கள். புண் ஆறும் காலத்தில் எடுக்கும் செல்கள் குழப்பம் தரலாம். வைரஸ் மறையவும் மாதங்கள் ஆகும்.

இனி ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. தொடர்ந்து மூன்று முறை வைரஸ் இல்லையென்றால், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, குறைந்தது 25 ஆண்டுகள். என் மருத்துவர் பின்பற்றுவது 2019 அமெரிக்க வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனம் முதல் பரிசோதனையை 12ஆம் மாதத்தில் வைக்கிறது. 65 வயதைத் தாண்டினாலும் நிறுத்தக்கூடாது என்கிறார் என் மருத்துவர். அப்போது ஸ்கூட்டரில் அழைத்துப்போக மகள் இப்போதே சம்மதித்துவிட்டாள்.

கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாகும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்ட சகோதரிக்கு: சிகிச்சைக்குப் பிறகு, வசதி இருந்தால் ஹெச்.பி.வி. பரிசோதனையே மேல். லீப் செய்தபின் வரும் பழுப்பு நிறக் கசிவு பற்றிக் கேட்டவருக்கு: எனக்குச் சில வாரங்களில் நின்றுவிட்டது, நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் காத்திருக்காதீர்கள்.