3,870 ரூபாயில் முடிந்த எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம்

எங்கள் வீடு குரோம்பேட்டையில், பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில். சமையலறைக்கும் வாஷிங் மெஷின் இருக்கும் இடத்துக்கும் நடுவில் நாலடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு ஸ்டோர் ரூம். மூன்று கடப்பா கல் தட்டு, ஒரு கதவு, அவ்வளவுதான், லைட் கிடையாது. கிரைண்டர், எண்ணெய் டின், அரிசி மூட்டை, ஸ்பேர் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, கொலுப் பெட்டி எல்லாம் அதற்குள்தான் அடைந்து கிடந்தன.

போன தை மாதம் அரிசி மூட்டையின் அடிப்பக்கம் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிட்டது. 25 கிலோ மூட்டையில் பாதிக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று. அத்தை முறத்தில் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கோழிக்குக்கூட ஆகாதும்மா" என்று சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. அன்றே இந்த அறையைச் சரிசெய்து முடிப்பது என்று இறங்கினோம். மாடுலர் வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டதற்கு 42,000 ரூபாய் சொன்னார். எங்களால் 5,000 ரூபாய்தான் ஒதுக்க முடிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காலி செய்வதிலேயே போனது. உள்ளே இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்குத் தேவையே இல்லாதது. பழைய பேப்பர், இரும்பு, ஓடாத மிக்சி எல்லாவற்றையும் எடைக்குப் போட்டதில் 640 ரூபாய் வந்தது.

காலி செய்த பிறகுதான் இடது சுவர் கண்ணில் பட்டது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். மூன்று வருடம் முன்பு இதே சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தோம். நாலே மாதத்தில் தோல் தோலாக உரிந்துவிட்டது. இந்தத் தடவை அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று, துணிக்கடைப் பாலித்தீன் பையை ஓரடிச் சதுரமாக வெட்டிச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் பையின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையின் காற்றில் உள்ள ஈரம். உள்பக்கம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

பிளம்பர் வந்தார். பைப் உடைந்திருக்குமோ, டைல்ஸ் முழுக்கப் பெயர்க்க வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் பாத்ரூமில் உட்கார்ந்து, தரையும் சுவரும் சேர்கிற ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து இழுத்தார். பூச்சு மாவாகக் கொட்டியது. "பைப்ல ஒண்ணும் இல்லம்மா, சந்துதான் விட்டிருக்கு" என்றார். ஓரம் முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்துக் கொடுத்தார். கூலி 700, பொருள் 240.

அப்புறம் காத்திருந்ததுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. ஐந்து வாரம் சுவரைக் காயவிட்டோம். சாமான்கள் எல்லாம் ஹாலில். வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி மாளவில்லை. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ள வேண்டும். நான் வாரம் ஒரு முறை தேய்த்தேன். நாலாவது வாரம் அநேகமாக ஒன்றும் உதிரவில்லை.

பெயின்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றது அத்தைதான். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. சுவரில் மிச்சம் இருக்கிற ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். ஆயில் பெயின்ட் மாதிரி உள்ளே அடைத்து வைக்காது. பூஞ்சையும் லேசில் பிடிக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, பழைய இரும்பு வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு உள்ளிருந்து சளசளவென்று கொதிக்க ஆரம்பித்து ஆவி கிளம்பியது. பிளாஸ்டிக் வாளி வேண்டாம், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, துளி நீலமும், துணியில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பெவிகாலும் கலந்தோம். சுவரை லேசாக நனைத்துவிட்டு அடித்தேன். முதல் கை அடித்ததும் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது, காசு வீணோ என்று நினைத்தேன். காயக் காய வெளுத்தது. மூன்று கை அடித்தேன். பிரஷ் உட்பட 440 ரூபாய்.

கடப்பா கல் தட்டுகளுக்கு நடுவில் 27 அங்குல இடைவெளி. எங்கள் சாமான்களை டேப் வைத்து அளந்தேன். 15 கிலோ எண்ணெய் டின்னே 14 அங்குலம்தான். சம்படங்கள் எல்லாம் பத்துக்குள். ஒவ்வொரு தட்டுக்கு மேலும் பாதி இடம் இத்தனை வருடமாகக் காற்றுக்குத்தான் போயிருக்கிறது! பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ப்ளைவுட் பலகை 500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒன்பது அங்குல அகலத்தில் மூன்றாக அறுத்து, இடைவெளிகளின் நடுவில் பின்சுவரோடு ஒட்டி அரைத்தட்டாகப் போட்டோம். உயரமான சாமான் முன்னால், சின்னது பின்னால் அரைத்தட்டில். பலகைக்கு நாலு ஆங்கிள் வீதம் பன்னிரண்டு, தலா 40 ரூபாய்.

ட்ரில் போடும்போது ஒன்று கவனியுங்கள். என் தம்பி போட்ட முதல் ஓட்டையில் ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. பூச்சில் மட்டும் ஓட்டை விழுந்து, செங்கல்லைத் தொடவே இல்லை. செங்கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது பிளக் இறங்கினால்தான் கனம் தாங்கும். பாத்ரூம் சுவரில் பைப் ஓடும் என்பதால் அந்தப் பக்கம் ட்ரில்லையே வைக்கவில்லை.

சிலிண்டரையும் பேட்டரியையும் திரும்ப உள்ளே வைக்கவில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மூடிய அறையில் தரையோடு தங்கிவிடும். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். இத்தனை வருடம் இரண்டையும் ஒரே கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தோம். நினைத்தாலே பகீர் என்கிறது.

கதவின் அடி ஊறிப் பருத்திருந்தது. அரை அங்குலம் அறுத்து அலுமினியத் தகடு அடித்தோம். மேலேயும் கீழேயும் ஒவ்வொரு ஜாலி வைத்துக் காற்று போக வழி செய்தோம். கடைசியில் ஒரு எல்இடி லைட், ஆள்கூலியோடு 620. ஆட்டோ, அறுப்புக்கூலி, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 3,870 ரூபாய்.

நீங்களும் இப்படிச் செய்திருந்தால் எழுதுங்களேன், முக்கியமாக வாடகை வீட்டில் இருப்பவர்கள்.

*

மதுரையிலிருந்து:

வாடகை வீடுதான் அக்கா. சுவரில் ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார். காலி செய்த ஒரு ஆபீஸிலிருந்து வரிசையாக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிளில் போல்ட் போட்டு மாட்டுகிற ரேக் ஒன்றை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டேன். நிறுத்தினால் ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி, நிறுத்திவைத்து, தட்டில் தண்ணீர்த் தட்டம் வைத்து மட்டம் பார்த்து இறுக்கிய பிறகுதான் ஆடாமல் நிற்கிறது. சுவரோடு பிடிக்க முடியாததால் கிரைண்டரும் அரிசியும் அடித்தட்டில், தலைக்கு மேல் வெறும் அட்டைப்பெட்டிகள். வீடு மாறினால் கழற்றி எடுத்துப்போகலாம்.

*

நாகர்கோவிலிலிருந்து:

பழைய பலகை வாங்குகிறவர்கள் கரையானைப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் வாங்கியது வெளியே பளபளவென்று இருந்தது. ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் பலகைக்குப் பின்னால் சுவரோடு மண் கோடு போட்டிருந்தது. மேலே மெல்லிய தோல் மட்டும்தான் மிச்சம். வாங்கும்போதே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தல் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். அறுத்த ஓரங்களையும் பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

*

நாகர்கோவில் தோழிக்கு நன்றி. படித்தவுடன் டார்ச் எடுத்துக்கொண்டு போய் மூன்று பலகையையும் தட்டிப் பார்த்தேன், கெட்டியாகவே இருக்கின்றன. அறுத்த ஓரங்களுக்கு நான் பெயின்ட் அடிக்கவில்லை; இந்த ஞாயிறு அடித்துவிடுகிறேன். ஒரு மழைக்காலம் போய்விட்டது. இடது சுவரில் மறுபடியும் பாலித்தீன் ஒட்டிப் பார்த்தேன், உள்பக்கம் காய்ந்திருந்தது. அரிசியை இப்போது மூடி போட்ட டிரம்மில், இரண்டு செங்கல் மேல் வைத்திருக்கிறோம். நேற்று இரவு அத்தை தானே லைட்டைப் போட்டு, யாரையும் கூப்பிடாமல் புளி ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தார்.