மறு: ‘ஜாலாங்குலி’க்குத் தமிழ் என்ன? விரலிடைச் சவ்வா, சாலகவிரலா?

அன்புள்ள குழுவினருக்கு,

அம்மையார் ஓர் அருங்காட்சியக விளக்க அட்டைக்காகக் கேட்ட சொல் இது. குப்தர் காலப் புத்தர் படிமங்களில் விரல்களுக்கு நடுவே மெல்லிசாக ஒரு தகடு ஓடும். வடமொழியில் அது ‘ஜாலாங்குலி’. அதற்குத் தமிழில் என்ன சொல்வது? மூன்று நாளில் மூன்று சொல் வந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன்.

> விரலிடைச் சவ்வு. தவளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே?

ஐயா, தவளைக்குப் பொருந்துகிறது என்பதுதான் என் தயக்கமே. பாலியில் இது ‘ஜாலஹத்தபாதோ’, மகாபுருஷ இலக்கணங்கள் (பெருமகனுக்குரிய உடல் அடையாளங்கள்) 32-இல் ஒன்று. ஜாலம் என்றால் வலை. வடமொழி நூல்கள் வலையால் பிணைந்த கைகால் என்றும், அன்னத்தின் அடி போல என்றும் சொல்லும். அங்கே சவ்வு பொருந்தும். ஆனால் 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து உரை எழுதிய புத்தகோசர் இதை அடியோடு மறுக்கிறார். தோலால் ஒட்டிய விரல் என்று கொள்ளாதே, அப்படிப்பட்டவனுக்குத் துறவே கிடைக்காது என்கிறார். விநயத்தில் (துறவிகளுக்கான ஒழுக்க விதிநூல்) அவனுக்குத் தனிப்பெயரே உண்டு: ‘பணஹத்தகன்’, பாம்புப் படம் போன்ற கையன். வௌவால் சிறகு மாதிரி விரல் ஒட்டியவன் என்பது அதற்கு உரை. பிறகு ஜாலம் எது? நான்கு கைவிரலும் ஒரே நீளம், சேர்த்து வைத்தால் கணுவுக்குக் கணு பொருந்தும், தேர்ந்த தச்சன் கோத்த பலகணி போல என்கிறார். ஆக, சவ்வு என்று எழுதினால் இந்த வழக்கில் ஒரு கட்சிக்கு நாமே தீர்ப்பு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

> அப்படியானால் சாளரவிரல்? பலகணி உவமை அப்படியே வந்துவிடுமே.

அழகான சொல்தான். சிலம்பில் ‘கோலச் சாளரக் குறுங்கண்’ வழியாக வண்டும் தென்றலும் நுழையும். பழைய சாளரம் சிறு சிறு துளையுள்ள பின்னல் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. என்ன செய்வது, கணினித் தமிழ்க்காரர்கள் (நானும் அதில் ஒருவன்) அந்தச் சொல்லைத் திரைக்குக் கொண்டுபோய்விட்டோம். இன்று சாளரவிரல் என்றால் சுட்டியைப் பிடித்த விரல் என்றுதான் நினைப்பார்கள்.

> தாங்குதகடு. விரல் ஒடியாமலிருக்கச் சிற்பி விட்டுவைத்தது. இலக்கணமெல்லாம் பிறகு ஏற்றிச் சொன்னது.

இது வெறும் ஊகமில்லை. பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே காந்தாரச் சிற்பங்களை வைத்துச் சொன்ன வாதம். கல்லுக்கு அது சரியாகவும் இருக்கலாம். மாங்குவாரில் கிடைத்த கல் புத்தரின் (கி.பி. 448-49) உயர்த்திய வலக்கையைப் பாருங்கள், விரலிடையில் கல்லை எடுக்காமலே விட்டிருப்பது தெரியும். எடுத்திருந்தால் ஒரு தட்டில் விரல் போயிருக்கும்.

உலோகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. உலோகப் படிமத்தை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் கை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையைத் திரி போல உருட்டி, ஒவ்வொரு விரலாக ஒட்டி, சூடு காட்டிய கம்பியால் கணுவை மடக்குகிறார்கள். மடிப்பு சரியாக வந்ததும் தண்ணீரில் ஒரு முக்கு. விரல் தனித்தனியாகத்தான் பிறக்கிறது, நடுவே எதையும் மிச்சம் வைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. குப்தர் கால வார்ப்பும் மெழுகு வழிதான். பெரிய படிமத்தை உள்ளே களிமண் வைத்துப் பொள்ளலாக வார்த்தார்கள் என்பதுதான் வேறுபாடு. ஸ்தபதியிடம் படத்தைக் காட்டி, நடுவே தகடு வைத்தால் விரலுக்குப் பலம்தானே என்று கேட்டேன். “மெலிசா வெச்சா அங்க உலோகம் ஓடாதுங்க, பாதியிலேயே உறைஞ்சுரும். அப்புறம் அந்த ஓட்டையை யாரு அடைக்கிறது?” என்று சிரித்தார்.

அந்தக் காலத்து உலோகத்தையும் சேர்த்து எண்ணுங்கள். 1861-இல் பீகாரில் ரயில் பாதை வேலையில் கிடைத்து இப்போது பர்மிங்ஹாமில் நிற்கும் சுல்தான்கஞ்ச் புத்தர் 2.3 மீட்டர் உயரம், 500 கிலோவுக்கு மேல் எடை, ஏறக்குறைய தூய செம்பு. வெள்ளீயம் கலந்த வெண்கலம் போலத் தூய செம்பு இளகி ஓடாது. அப்படிப்பட்ட உலோகத்தில் விரலிடைத் தகடு வார்ப்பது தொல்லையை விலைக்கு வாங்குவது. வார்த்தவன் அதை வாங்கியிருக்கிறான் என்றால் அவனுக்கு அது இலக்கணம், முட்டுக்கொடுப்பதற்கு வைத்ததல்ல. எனவே தாங்குதகடு வேண்டாம்.

என் பரிந்துரை, ஒன்றல்ல, இரண்டு சொல். இலக்கணத்துக்கு சாலகவிரல். சாலகம் என்றால் வலை, பலகணி இரண்டும்தான். அன்னமும் தச்சனும் அதற்குள் சண்டையில்லாமல் இருக்கலாம். (‘சாலவிரல்’ என்று சுருக்க வேண்டாம், நிறைய விரல் என்று ஆகிவிடும்.) கண்ணுக்குத் தெரியும் உலோகத்துக்கு விரலிடைத் தகடு, அவ்வளவே.

அட்டையில் இப்படி வரும்: ‘அபய முத்திரையில் வலக்கை, சாலகவிரல். சுட்டுவிரலருகே விரலிடைத் தகடு உடைந்துள்ளது.’ இரண்டும் ஒரே வரியில் இடிக்கிறதா என்று அம்மையார்தான் எழுதிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கால்விரலுக்கும் இதே இலக்கணம் உண்டு. அங்கே ‘சாலக அடி’ என்று எழுதினால் சதங்கை கட்டிய கால் போல ஒலிக்கிறது எனக்கு. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.