இணையம் இல்லாத கணினிகளுக்கு டெப் பொதி: சார்புகளை மொத்தமாக இறக்குவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கத்துக் கிராம நூலகங்களில் உள்ள டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) கணினிகளுக்காகத் தமிழ் எழுத்துருக்களை ஒரே டெப் பொதியாக (டெபியனின் நிறுவல் கோப்பு) கட்டியிருக்கிறோம். பொதியின் விவரங்களைச் சொல்லும் கன்ட்ரோல் கோப்பில் ஆர்க்கிடெக்சர் 'ஆல்' (எல்லா வகைச் செயலிகளுக்கும்). டிபெண்ட்ஸ் வரியில், அதாவது இதற்குத் தேவையான மற்றப் பொதிகளான சார்புகளில், ஃபான்ட்கான்ஃபிக் (எழுத்துரு மேலாண்மை), ஐபஸ்-எம்17என் (தமிழ்த் தட்டச்சு). 'டிபிகேஜி-டெப் --ரூட்-ஓனர்-குரூப் --பில்ட்' பிழையில்லாமல் முடிகிறது. (நிறுவியதும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் கோப்புக்கு 755 போன்ற இயக்க அனுமதி இல்லையென்றால் கட்டும்போதே மறுத்துவிடும், அதைச் சரிபார்த்தாயிற்று.)

சிக்கல் நிறுவும்போதுதான். அங்கே இணையம் கிடையாது, பென்டிரைவில்தான் கொண்டுபோக வேண்டும். 'டிபிகேஜி -ஐ' போட்டால் ஐபஸ்-எம்17என் இல்லையென்று சொல்லி, பொதியைக் கான்ஃபிகர் செய்யாமல் பாதியில் விட்டுவிடுகிறது. 'ஏபிடி-கெட் டவுன்லோட்' கேட்ட பொதியை மட்டும் தருகிறது, அதன் சார்புகளைத் தருவதில்லை. 'ஏபிடி-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி' கொடுத்தால், இறக்கும் கணினியில் ஏற்கெனவே இருப்பவை விடுபடுகின்றன. நூலகக் கணினியில் அவையும் இல்லை.

நூலகக் கணினியில் நிறுவியுள்ள பொதிகளின் பட்டியலான /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் கோப்பை எடுத்துவந்து, ஏபிடிக்கு 'டிர்::ஸ்டேட்::ஸ்டேட்டஸ்' வழியாகக் காட்டி இறக்கினால் விடுபட்டவை மட்டும் சரியாக வருமா? இல்லை, டிபூட்ஸ்ட்ராப்பில் ஒரு வெறும் டெபியனை உருவாக்கி அதற்குள் இறக்குவதுதான் நம்பகமா? ஊர்ப் பிள்ளைகள் தமிழில் தட்டச்சு பழகப்போகும் கணினிகள் இவை. செய்து பார்த்தவர்கள் முழுக் கட்டளை வரியோடு சொல்லுங்கள்.