தாழ ஊதினால் ஒரு வாத்தியம், மேலே போனால் வேறு வாத்தியமா?

கானாடுகாத்தான் பேரன்:
போன மாதம் ஊரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். முகப்பில் நாகஸ்வரம் முடிந்ததும் தெருவில் பேண்டு செட், நான் போனில் பதிவு செய்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கீபோர்டை வைத்துச் சுருதி பிடிக்கப் பார்த்தால் இரண்டு குழப்பம். கிளாரினெட்காரர் அன்றைக்கு "சி"யில் ஆரம்பிக்கிறேன் என்றார், கீபோர்டில் பி பிளாட்தான் சேருகிறது. அப்புறம், தாழ வரும்போது பானைக்குள் ஊதுவது மாதிரி இருக்கிற சத்தம் மேலே போனதும் பளிச்சென்று மாறிவிடுகிறது. இரண்டு பேர் வாசித்தார்களா?

பழைய பேண்டு ஆள்:
தம்பி, உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. பேண்டு செட்டில் பெரும்பாலும் பி பிளாட் கிளாரினெட்தான். அதில் "சி"க்கு விரல் வைத்தால் வெளியே வருவது பி பிளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. அவர் சொன்னது விரலை, நீங்கள் கேட்டது சத்தத்தை.

தேவகோட்டை வாசி:
இரண்டாவது கேள்விக்கு. நாகஸ்வரம், சாக்ஸ் இரண்டும் போகப் போக விரிகிற குழாய், கிளாரினெட்டோ அணைசு, அதாவது அடியில் விரிந்த வாய், வரைக்கும் ஏறக்குறைய ஒரே அகலம். அதனால் சாக்ஸில் கீழ் ஸட்ஜத்துக்கு விரலை வைத்துக்கொண்டு மேலே தாவினால் மேல் ஸட்ஜம் வரும், கிளாரினெட்டில் இடது கட்டைவிரல் சாவியை அமுக்கினால் நேராக மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குப் போய்விடும். தாழ்ந்த சுரத்தின் உள்ளேயே அந்தப் பஞ்சமம் லேசாகக் கேட்கும், ஆனால் எட்டாவது சுரமான மேல் ஸட்ஜம் ரொம்ப மங்கல், அந்தப் பானைச் சத்தம் அதனால்தான். நடுவில், தாவுவதற்குச் சற்று முன்னால், நாலைந்து சுரம் சப்பென்று இருக்கும், நல்ல வாசிப்பாளர் அதை மூடி மறைத்துவிடுவார். கிளாரினெட் வித்வான் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் பதிவு எதையாவது போட்டு ஆலாபனையில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள், அவரிடம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கானாடுகாத்தான் பேரன்:
அண்ணே, சுருதி ஆப் தாழ்ந்த ஸட்ஜத்துக்குப் போய் பஞ்சமம் என்று காட்டியதே, அதுவும் இதனால்தானா?

பழைய பேண்டு ஆள்:
இருக்கும். போன் மைக்குக்குத் தாழ்ந்த சத்தம் சரியாக ஏறாது, உள்ளே இருக்கிற பஞ்சமத்தைத்தான் பிடித்திருக்கும். ஆப்பை மூடிவிட்டுத் தம்புரா போட்டு வாயை மூடி முனகுங்கள். எந்த ஸ்தாயியில் முனகுகிறோம் என்பதில் மட்டும் கவனம், கிளாரினெட் நாம் நினைப்பதைவிடத் தாழ இருக்கும். புல்லாங்குழல் என்றால் மேல்நாட்டுச் சாவி வைத்தது, அதுவும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான், ஆனால் இது ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்.

கானாடுகாத்தான் பேரன்:
ராத்திரி முனகிப் பார்த்தேன், அந்தச் சப்பென்ற இடம் இரண்டு தடவை தெளிவாக மாட்டியது. ஒரே ஆள்தான் வாசித்திருக்கிறார். இரண்டு கிளாரினெட்டுக்குப் பணம் கொடுத்ததாகப் பெரியப்பா சொல்கிறார், அவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.