புதுப்பிப்பு: துப்பறிவாளரும் போலீஸ் நாயும் வரும் இரண்டாம் படம் – விடை கிடைத்தது

பாளையங்கோட்டையில் சிறுவயதில் வாடகை வீசிடியில் பாதி மட்டும் பார்த்த, ஒரு துப்பறிவாளரும் அவருடைய போலீஸ் நாயும் வரும் ஆங்கில நகைச்சுவைப் படத்தின் பெயரைச் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

பலர் 1989-இல் வந்த 'டர்னர் அண்ட் ஹூச்' என்றார்கள். ஆனால் நான் கண்டது ஜெர்மன் ஷெப்பர்டு. "கூடவே ஒரு டோபர்மேனும் வருமா?" என்று தென்காசி அண்ணாச்சி கேட்ட கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. படம் 1999-இல் வந்த 'கே-911'. ஜேம்ஸ் பெலூஷி நடித்து 1989-இல் வெளியான 'கே-9' படத்தின் தொடர்ச்சி. தலைப்பில் 'பாகம் 2' என்று இல்லாமல், அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ ஒட்டிய சிலேடை இருந்ததால்தான் என் தேடலில் அது சிக்கவில்லை.

எதிர்பாராதது, முழுதாகப் பார்த்தபின் வந்த ஏமாற்றம்: அல்வாவுக்கு வரிசையில் நின்றவனுக்கு எண்ணெய்த் தாள் மட்டும் கிடைத்ததுபோல் ஆயிற்று. முதல் படத்தின் சிரிப்பெல்லாம், யாருடனும் சேர்ந்து வேலை செய்ய விரும்பாத துப்பறிவாளர் டூலியும் சொல்பேச்சுக் கேளாத நாய் ஜெர்ரி லீயும் முட்டிக்கொள்வதில் பிறந்தது. இங்கே இருவரும் முன்பே நண்பர்களாகிவிட்டதால், அந்த மோதலைப் புதிய பெண் அதிகாரியிடமும் அவருடைய டோபர்மேனிடமும் ஒப்படைத்துவிட்டு, நாயின் முதுமையைக் கேலி செய்தே காலம் தள்ளுகிறார்கள். திரையரங்குக்கு வராமல் நேரே வீடியோவில் வெளியான படம் இது. 2002-இல் வந்த மூன்றாம் படமான 'கே-9: பி.ஐ.'யும் அப்படியே வெளியானது. அதை நான் இன்னும் தொடவில்லை.