"எனக்குப் பயமே இல்லை" என்று சொன்னால் மனசு நம்ப மறுக்கிறது

கேள்வி:
கூட்டத்தில் பேச எழுந்தாலே குரல் நடுங்குகிறது. தினமும் கண்ணாடி முன் நின்று "நான் தைரியசாலி, எனக்குப் பயமே இல்லை" என்று பத்துத் தடவை சொல்லச் சொன்னார்கள். மூன்று வாரம் சொன்னேன். சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் "பொய்" என்கிறது. போன வாரம் பேச்சைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்படி தனக்குத் தானே பேசிக்கொள்வது யாருக்காவது உதவியிருக்கிறதா?

பதில் 1:
எனக்கு உதவியது, ஆனால் அந்த வார்த்தைகள் இல்லை. கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. மனசு நம்பாததைச் சொன்னால் அது வாதாடத்தான் செய்யும். உங்கள் மேல் தப்பே இல்லை.

நான் நாற்பது வயதில் நீச்சல் கற்றேன். ஆழமான பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கை விறைக்க நிற்பேன். "பயமில்லை" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் பெயரைச் சொல்லி, தங்கையிடம் பேசுவதுபோல் பேசுவேன்: "பயமாகத்தான் இருக்கு. நேற்றும் இருந்தது, நேற்றும் அந்தக் கரைக்குப் போனாய். இப்போ மூச்சை விடு. சுவரை உதை." அவ்வளவுதான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதனால் மனசு மறுக்கவில்லை. "கரையைத் தொடு" என்று சொல்லியிருந்தால் உறைந்துபோயிருப்பேன். சுவரை உதைப்பது மட்டும் என்றால் கால் தானாகப் போனது.

பெயர் சொல்லிப் பேசுவது எனக்கு மட்டும் பலித்த விஷயம் இல்லை. ஈத்தன் கிராஸ் குழுவினரின் 2014 ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் "நான்" என்று யோசித்தவர்களைவிட, தன் பெயரையோ "நீ" என்றோ சொல்லி யோசித்தவர்கள் நன்றாகப் பேசினார்கள், பதற்றமும் குறைவாக இருந்தது.

பதில் 2:
படபடப்பை அடக்கப் பார்க்காதீர்கள். உற்சாகத்திலும் இதயம் அப்படித்தான் அடிக்கும். "எனக்கு உற்சாகமாக இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுங்கள். அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சொன்னவர்கள் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

கேட்டவர்:
இன்று எழுவதற்கு முன் என் பெயரைச் சொல்லி, "முதல் வரியை மட்டும் சொல்" என்றேன். குரல் நடுங்கியது. ஆனாலும் நான்கு நிமிடம் பேசி முடித்தேன். நன்றி அக்கா. நாளை மறுநாள் இன்னொரு கூட்டம் இருக்கிறது.